காற்று ஒதுங்கிய இடத்தில் ஒரு சட்டி இறைச்சிக் கறி

கவின், தாரணி, அந்தப் படத்தைப் பற்றி நீங்கள் இரண்டு பேரும் எத்தனை தரம் கேட்டுவிட்டீர்கள். பின்னால் வெள்ளை மலை. நடுவில் நான், உங்கள் சித்தப்பாவின் பழைய ஜாக்கெட்டுக்குள் ஒரு மூட்டை மாதிரி நிற்கிறேன். வலது கையில் அகப்பை, இடது கையில் சட்டி மூடி. "அப்பா, சட்டி எங்க?" என்று தாரணி கேட்டபோது, "அவசரத்தில விட்டிட்டன்" என்றேன். அது பொய் இல்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை. படத்தில் நான் சிரிக்கிறேன் என்பதால் நீங்கள் அதைப் பகிடி என்று நினைத்து, வகுப்பில் எல்லாருக்கும் காட்டியும் விட்டீர்கள். அதனால் நடந்ததை நடந்த ஒழுங்கில் எழுதுகிறேன். நான் எட்டாம் வகுப்போடு அகப்பை பிடித்தவன். எழுத்துப் பிழை இருந்தால் அம்மாவிடம் காட்டித் திருத்துங்கள்.

மெல்பேர்ணுக்கு நான் போனது சித்தப்பாவின் புது வீடு குடிபூரலுக்குச் சமைக்க. அது உங்களுக்குத் தெரியும். தெரியாதது, விமான நிலையத்தில் என்னை மறித்தது. பெட்டியைக் கருவிக்குள் விட்டவுடன் ஓர் அதிகாரி எழும்பி வந்தார். மிளகாய்த்தூள் பற்றிக் கேட்பார் என்று அதற்குரிய கடதாசியை நீட்டினேன். அவருக்கு அது வேண்டாம். சித்திக்கென்று நான் கொண்டு போன அலுமினியப் பிட்டுக்குழலைத் தூக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அதற்குள்ளால் என்னைப் பார்த்தார்.

எனக்கு ஆங்கிலம் போதாது. கையால் காட்டினேன். மா, தேங்காய்ப்பூ, மா, தேங்காய்ப்பூ, கீழே ஆவி, பிறகு பின்னால் ஒரு தடியால் தள்ளுவது. தள்ளிக் காட்டியபோது அவர் ஓர் அடி பின்னால் போனார். நல்ல வேளையாக வரிசையில் நின்ற ஒரு கேரளத்துப் பெண் "புட்டு, புட்டு" என்று சொல்லி, அது ஆவியில் அவிக்கிற ஒரு கேக் என்று அவருக்கு விளக்கினார். அதிகாரி குழலைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, "அப்போ கேக் எங்கே?" என்று கேட்டாராம். போகச் சொன்னார்.

வெளியே ஜூலை மாதக் குளிர், அங்கே அதுதான் குளிர்காலம். வாயைத் திறந்தால் புகை. நான் சிகரெட்டை விட்டுப் பதினொரு வருசம். உங்கள் அம்மா பக்கத்தில் நின்றிருந்தால் என் சட்டைப் பையைத் தடவிப் பார்த்திருப்பார்.

சித்தப்பாவின் வீடு கிளென் வேவர்லியில். குடிபூரலுக்கு வந்த சனம் குசினியையோ சாமியறையையோ முதலில் கேட்கவில்லை. "எந்தப் பள்ளிக்கூட எல்லைக்குள்ள வருது?" என்றுதான் கேட்டார்கள். சித்தப்பா நல்ல பள்ளிக்கூடம் ஒன்றின் பெயரைச் சொன்னதும் எல்லாருடைய முகத்திலும் ஒரு மரியாதை வந்தது. அங்கே பெரிய சமையல் எல்லாம் கராச்சுக்குள். காரை வெளியே விட்டுவிட்டுக் கதவைப் பாதி திறந்து வைத்துச் சமைக்கிறார்கள். அன்றைக்கு நல்ல காற்று. முதல் அடுப்பைச் சித்தப்பா வைத்த இடத்தில் நெருப்பு படுத்துப் படுத்து எழும்பியது. நான் ஒரு சிட்டிகை மாவை எடுத்து மேலே விட்டு, அது எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்து, கராச்சின் இடது மூலைக்கு அடுப்பை மாற்றினேன். நெருப்பு நிமிர்ந்து நின்றது.

"பார்த்தீங்களோ, அண்ணை காத்துக்கே இடம் சொல்லுவார்" என்று சித்தப்பா வந்தவர்களுக்கெல்லாம் சொன்னான். நான் அடக்கமாக நின்றேன். உள்ளுக்குள் அப்படி நிற்கவில்லை. இதை நினைவில் வைத்திருங்கள்.

அடுத்த நாள் தனியாக ரயிலில் நகரம் பார்க்கப் போனேன். "எங்கட ஸ்டேசன் கடைசி அண்ணை. உங்களால துலைய ஏலாது" என்று சித்தப்பா தைரியம் சொன்னான். திரும்பி வரும்போது பெட்டிக்குள் இருந்த இதமான சூட்டில் நித்திரையாகிவிட்டேன். ரயில் கடைசி ஸ்டேசனுக்கு வந்து, நின்று, என்னையும் ஏற்றிக்கொண்டு திரும்ப நகரத்துக்கே போய்விட்டது. எதிர் ஆசனத்தில் இருந்த ஒரு வயதான வெள்ளைக்கார அம்மா, ரயில் வரும்போது என்னைக் கண்டவர், இடையில் இறங்கிக் கடைக்குப் போய்விட்டு, திரும்பிப் போகிற அதே ரயிலில் ஏறியும் என்னைக் கண்டார். "உங்களுக்கு இந்த ரயில் நல்லாகப் பிடித்துவிட்டது போல" என்றார். எனக்கு விளங்கிய முதல் முழு ஆங்கில வசனம் அதுதான்.

அந்தக் கிழமை வடகிழக்கு மலைகளில் மூன்று நாள் புயல். தொலைக்காட்சியில் பனி பக்கவாட்டில் ஓடியது. சித்தி சுகந்தி அதைப் பார்த்துக்கொண்டே சொன்னா: "பனிச்சரிவு வருமெண்டு சொல்லுறாங்கள். அடுத்த கிழமை போவமே?"

"அண்ணை செவ்வாய்க்கிழமை பிளேன் ஏறுறார்" என்றான் சித்தப்பா. "உது ஸ்கி ஓடுற ஆக்களுக்குச் சொல்லுறது. நாங்கள் பிட்டுச் சாப்பிடப் போறம்."

அங்கே நம்மவர்கள் பனி பார்க்கப் போவதென்றால் பாதி வேலை சாப்பாடு. சனிக்கிழமை விடியமுன் எழும்பிக் குழல் குழலாகப் பிட்டு அவித்தேன். ஆட்டிறைச்சிக் கறியை முதல் நாளே வைத்து, அப்படியே பெரிய சட்டியோடு துணியில் கட்டினோம். பாய், சின்ன காஸ் அடுப்பு, ஒரு ஊதா நிறத் தலையணை. தலையணை ஏன் என்று நான் கேட்கவில்லை. சித்தி எங்கே போனாலும் அது போகும்.

மலையடி ஊரில் பனியில் வழுக்காமல் ரயருக்குக் கட்டச் சங்கிலி வாடகைக்குத் தந்தார்கள். பாதி மலையில் கட்டாயம் பூட்டவேண்டும் என்ற இடம் வந்தது. சித்தப்பா சேற்றுப் பனியில் முழங்காலிட்டு முக்கால் மணி நேரம் மினைக்கெட்டுப் பின் சில்லு இரண்டிலும் பூட்டினான். எழும்பிக் கையைத் தட்டினான். வாகனத்தை எடுத்தால், அதை இழுக்கிற முன் சில்லு அங்கேயே நின்று சுற்றியது. அரைக் காற்சட்டை போட்ட ஒரு தாடிக்காரர், ஆம், அந்தப் பனியில் அரைக் காற்சட்டை, தன் வாகனத்திலிருந்து இறங்கி வந்து பார்த்தார். "பின் சில்லுக்கு நல்லாய் குளிர்கிறதாக்கும்" என்று சொல்லிவிட்டு, இரண்டு சங்கிலியையும் கழற்றி ஐந்து நிமிடத்தில் முன்னுக்குப் பூட்டினார்.

"இவர் பொறியியல் படிச்சவர் அத்தான்" என்று சித்தி என்னிடம் சொன்னா. சித்தப்பா கேட்காத மாதிரி இருந்தான்.

மேலே மழை இல்லை, பனி கொட்டவும் இல்லை. ஆனால் காற்று. மூன்று நாள் புயலின் வால் என்று நினைக்கிறேன். பிள்ளைகள் பிளாஸ்டிக் தட்டில் இருந்து சறுக்கினார்கள். பெரியவர்கள் வாகனங்களுக்குள்ளே இருந்து கண்ணாடியால் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்கள். பிட்டையும் கறியையும் வாகனத்துக்குள் இருந்து தின்னவா இவ்வளவு தூரம் வந்தோம் என்று எனக்குத் தோன்றியது.

"நீங்கள் சாமானை இறக்குங்கோ. நான் அடுப்புக்கு இடம் பார்க்கிறன்" என்றேன். அடுப்பை நான் தூக்கிக்கொண்டேன். பாயைத் தூக்கிக்கொண்டு சித்தப்பாவின் மகள் அபி அக்கா கூட வந்தாள். அவளுக்குப் பதினைந்து வயது. நாம் தமிழில் கேட்டால் அவள் ஆங்கிலத்தில் சொல்வாள். அவள் சொன்னவற்றை இங்கே நான் தமிழில் எழுதுகிறேன்.

ஒரு சிட்டிகை பனியை எடுத்து மேலே விட்டேன். அது மேற்கிலிருந்து கிழக்காக ஓடியது. நான் எத்தனையோ கலியாண வீட்டில் செய்த வேலைதான். காற்றுக்கு முதுகு காட்டுகிற மேட்டைத் தேடு, அதன் மறுபக்கத்து அடியில் அடுப்பை வை. சிறிது தூரத்தில் அப்படியொரு மேடு தெரிந்தது. போகிற வழியில் ஒரு கயிறு. அதைப் பனி ஏறக்குறைய மூடியிருந்ததால் வாசற்படி போலத் தாண்டினோம். பக்கத்தில் ஒரு மஞ்சள் பலகை. எழுத்தை எல்லாம் பனி அப்பியிருந்தது. மேலே ஒரு படம் மட்டும் தெரிந்தது. ஒரு மனிதன் சரிவில் கை கால் விரித்து உருளுகிறான். சறுக்கி விளையாடுகிற இடம் என்று நினைத்தேன். அபி தலையைக் குனிந்து குளிரில் நடுங்கிக்கொண்டு என் காலடிக்குள் கால் வைத்து வந்தாள். அவள் பலகையைப் பார்க்கவில்லை.

மேட்டுக்கு அந்தப் பக்கம் போனதும், யாரோ ஸ்விட்சை அணைத்தது போலக் காற்று நின்றது. அப்படியொரு இடம். ஒரு காலடி கூட இல்லாத வெள்ளை. மேலே மலை விளிம்பிலிருந்து பனி தாழ்வாரம் போல வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. எங்களுக்கென்று யாரோ கட்டி வைத்தது போல இருந்தது. அடுப்பை வைக்க நான் காலை அழுத்தி ஊன்றியபோது நிலத்துக்குள் "வும்" என்று ஒரு சத்தம் கேட்டது. எங்களைச் சுற்றிப் பனி ஒரு விரல் அளவு கீழே இறங்கியது. தரை இறுகுகிறது, நல்லது என்று நினைத்தேன். மண்ணை இடித்து மட்டம் செய்தால் அப்படித்தானே.

அபியின் பல் குளிரில் கிடுகிடுத்தது. "இன்னும் உள்ளுக்குப் போய்ச் சுவரோட இரு பிள்ளை. அங்கதான் குளிராது" என்றேன்.

அவள் போய், அந்தத் தாழ்வாரத்துக்கு நேர் கீழே, பாயை விரித்து இருந்தாள். பிள்ளைகளே, இந்த வசனத்தை எழுதத்தான் இவ்வளவு தூரம் சுற்றி வந்தேன். அவளை அங்கே இருத்தியது நான்.

சித்தப்பாவும் சித்தியும் சட்டியோடும் தலையணையோடும் வந்தார்கள். "அண்ணை, எப்பிடித்தான் கண்டுபிடிக்கிறீங்களோ" என்றான் சித்தப்பா. நான் அடுப்பை மூட்டினேன். நெருப்பு கோயில் விளக்குப் போல அசையாமல் நின்றது. கறி கொதிக்கத் தொடங்கியது. மூடியைத் தூக்கிக் கிளறினேன்.

அப்போது ஒரு விசில்.

சிவப்பு ஜாக்கெட் போட்ட ஒரு பெண், பனிமலைக் காவல்காரி, நாங்கள் வந்த வழியில் கயிற்றுக்கு அருகே நின்றார். இரண்டு கையையும் தலைக்கு மேலே குறுக்காகப் பிடித்தார். நான் அகப்பையை ஆட்டிச் சாப்பிட வரச்சொன்னேன். அவர் வரவில்லை. அதுதான் என்னை முதலில் பயப்படுத்தியது. ஏசுவதற்குக் கூட ஓர் அதிகாரி கிட்ட வரப் பயப்படுகிற இடம் எப்படிப்பட்ட இடம்?

அவர் சொன்னதை அபி எங்களுக்குச் சொன்னாள். ஒவ்வொருவராக வரவேண்டும். வந்த காலடியிலேயே வரவேண்டும். எதையும் எடுக்கக் கூடாது. முதலில் அபி. பிறகு சித்தி. பிறகு சித்தப்பா. கடைசியாக நான். அடுப்பைக் கடந்து வரும்போது, கறி அடிப்பிடிக்குமே என்று ஒரு கணம் நின்றேன். அந்தப் பெண் இன்னொரு தரம் விசில் அடித்தார்.

கயிற்றுக்கு இப்பால் வந்த பிறகுதான் அகப்பையும் மூடியும் என் கையில் இருப்பதைக் கண்டேன்.

அந்தப் பெண்ணின் பெயர் ஹெலன். அவர் ஏசவில்லை. "இங்கே இருக்கலாம் என்பது யாருடைய யோசனை?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறக்கமுன் சித்தப்பா தன் நெஞ்சைத் தொட்டு, தன்னுடைய யோசனை என்று ஆங்கிலத்தில் சொன்னான். அவ்வளவு ஆங்கிலம் எனக்குத் தெரியும். திறந்த வாயை மூடிக்கொண்டேன். அதையும் எழுதிவிட்டேன்.

சித்தி கணவனைப் பல்லுக்குள்ளால் ஏசத் தொடங்கினா. சத்தம் போட்டால் பனி விழும் என்று பயம். "வீட்ட வாங்கோ உங்களுக்கு இருக்கு" என்பது காற்றாக மட்டும் வந்தது. ஹெலன் அதைப் பார்த்து அபியிடம் என்னவோ சொன்னார். அபி சொன்னாள்: "அம்மா, சத்தத்துக்கு அது விழாதாம். பாரத்துக்குத்தான் விழுமாம்." அதற்குப் பிறகு சித்தி வழக்கமான குரலில் ஏசினா.

கொஞ்சம் தள்ளி, என் உயரம் கூட இல்லாத ஒரு சின்னச் சரிவில் ஹெலன் அன்றைய சோதனைக்குக் குழி வெட்ட வந்திருந்தார். அபி கேட்டதால் எங்களையும் பார்க்க விட்டார். மண்வெட்டியால் பனியை நேராக வெட்டி இறக்கினார். வெட்டின முகத்தில் வரி வரியாகத் தெரிந்தது. அடியில் பழைய பனி. போன கிழமை மழை பெய்து கண்ணாடி மாதிரி இறுகியது. அதற்கு மேலே ஒரு விரல் தடிப்பில் சீனி மாதிரி உதிரிப் பனி. அதற்கு மேலே மூன்று நாள் புயல் கொண்டுவந்து அமத்தின தடித்த வெள்ளைப் பலகை.

பிறகு சுற்றிவர அறுத்து ஒரு தூணைத் தனியாக்கினார். மண்வெட்டித் தட்டை அதன் தலையில் வைத்து, மணிக்கட்டை மட்டும் ஆட்டிப் பத்துத் தரம் மெல்லத் தட்டினார். ஒன்றும் நடக்கவில்லை. முழங்கையிலிருந்து இன்னும் பத்துத் தட்டு, பிறகு தோளிலிருந்து பத்து என்று அபி விளக்கினாள். தோளுக்குப் போகத் தேவை இருக்கவில்லை. முழங்கைத் தட்டு இரண்டாவதிலேயே மேல் பாதி அப்படியே வழுக்கி அவருடைய மடியில் விழுந்தது. எங்கே உடைந்தது என்று பார்த்தேன். சரியாக அந்த உதிரி வரியில்.

"பிட்டு" என்றேன்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "குழல் பிட்டு தள்ளேக்க எங்க உடையும்? மாவில உடையாது. தேங்காய்ப்பூவிலதானே உடையும். இதில நடுவில தேங்காய்ப்பூ கிடக்கு."

அபி சிரித்துவிட்டு அதை ஹெலனுக்குச் சொன்னாள். ஹெலன் சிரிக்கவில்லை. அந்தப் பெயரை ஒரு தரம் சொல்லிப் பார்த்தார். பிறகு மலை விளிம்பைக் காட்டி நிறைய நேரம் பேசினார். அபி மெதுவாக எனக்குச் சொன்னாள். மூன்று நாள் காற்று மற்றப் பக்கத்துப் பனியை வாரிக்கொண்டு வந்து, விளிம்பைத் தாண்டியதும் ஓய்ந்து, கையிலிருந்ததை எல்லாம் இந்தப் பக்கத்தில் போட்டுவிட்டதாம். தாழ்வாரம் அப்படிக் கட்டினது. அதன் கீழே இருக்கிற பலகையும் அப்படிக் கட்டினது. காற்று படாத இடம்தான் இன்றைக்கு மலையிலேயே கூடாத இடம்.

நான் இருபது வருசமாக அடுப்புக்கு இடம் பார்க்கிறேன். காற்று எங்கே ஒதுங்கும் என்று எனக்குத் தெரியும். காற்று தான் சுமந்து வந்ததையும் அங்கேதான் இறக்கி வைக்கும் என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. நம்மூரில் காற்று சுமந்து வருவது கொஞ்சம் மணலும் பக்கத்து வீட்டுப் பொலித்தீன் பையும்தானே.

நான் நிலத்துக்குள் கேட்ட "வும்" சத்தத்தைப் பற்றிச் சொன்னேன். அபி அதைச் சொல்லி முடிக்கவும் ஹெலன் மண்வெட்டியைக் கீழே வைத்தார். அது அந்த உதிரி வரி நொறுங்குகிற சத்தமாம். மலை வாய் திறந்து சொல்கிற எச்சரிக்கை அதைவிட வேறு இல்லையாம்.

இவ்வளவும் கேட்ட பிறகும், பிள்ளைகளே, என் கண் அந்தச் சட்டியில்தான் இருந்தது. அடுப்பு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. ஒரு சமையல்காரன் கறியை அடுப்பில் விட்டுப் போவதில்லை. "நான் ஓடிப்போய்ச் சட்டியை மட்டும் தூக்கிக்கொண்டு வாறன். அரை நிமிசம்" என்று ஓர் அடி எடுத்து வைத்தேன். அபி என் ஜாக்கெட்டின் கையைப் பிடித்தாள். பிடித்தவள் விடவில்லை.

அப்போதுதான் தாழ்வாரத்தின் ஒரு துண்டு உடைந்தது. யாரும் தொடவில்லை. மணல் லொறி பின் கதவைத் திறந்து கொட்டுவது போல ஒரு சத்தம். கீழே சரிவில் ஒரு கோடு குறுக்காக ஓடியது, பிட்டில் விழுகிற வெடிப்பு மாதிரியே. பிறகு அந்தப் பக்கம் முழுவதும் புறப்பட்டது. வெள்ளைத் தூசி எழும்பி எங்கள் முகத்தில் அடித்தது. தூசி அடங்கியபோது பாய் இல்லை, பிட்டு இல்லை, தலையணை இல்லை, சட்டி இல்லை. அபி இருந்த இடத்தில் வாகனம் அளவு பெரிய கட்டிகளாகப் பனி குவிந்து கிடந்தது.

அவள் என் கையைப் பிடித்தபடி நின்றாள். அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஐந்தும் இருந்தது. மற்றக் கையையும் பார்த்தேன்.

பிறகு சித்தப்பா கேட்டான்: "அண்ணை, காஸை நிப்பாட்டினனீங்களோ?"

"இப்ப நிண்டிருக்கும்" என்றேன்.

முதலில் சிரித்தது சித்தி. பிறகு எல்லாரும். அது சிரிப்பா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அபி தமிழில், ஒரு ஆங்கிலச் சொல்லும் கலக்காமல், "பெரியப்பா, பசிக்குது" என்றாள். சித்தப்பா படம் எடுத்தான். நீங்கள் பார்த்த படம் அதுதான்.

மலைச் சாப்பாட்டுக் கடையில் உருளைக்கிழங்குப் பொரியல் தின்றோம். பக்கத்து மேசைப் பிள்ளை ஒன்று என் மூடியையும் அகப்பையையும் பார்த்து, தாயிடம் இவர் எந்த விளையாட்டுக்காரர் என்று கேட்டதாம். அபி சொன்னாள்.

திரும்பும் வழி முழுவதும் சித்தி சித்தப்பாவைத்தான் ஏசினா. "பிள்ளையைக் கொண்டுபோய் எங்க இருத்தினீங்கள்? மூளை இருக்கோ? சங்கிலி பூட்டத் தெரியாது, இடம் பார்க்கத் தெரியுமோ?" சித்தப்பா ரோட்டைப் பார்த்து ஓட்டினான். ஒரு தரம் கூட என் பக்கம் திரும்பவில்லை. அவன் சின்ன வயதில் நான் உடைத்த பானைக்கெல்லாம் அடி வாங்கினவன். நான் பின் சீட்டில் மூடியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். பக்கத்தில் அபி வாயைத் திறந்தபடி நித்திரை. முதல் ஊர் போனது. இரண்டாவது ஊரும் போனது. பெற்றோல் அடிக்க நிறுத்தின இடத்தில் சொன்னேன்.

"சுகந்தி, அவன் இல்லை. அந்த இடத்தைப் பார்த்தது நான். பிள்ளையை உள்ளுக்குப் போய் இருக்கச் சொன்னதும் நான்."

சித்தி திரும்பிப் பார்த்தா. "அது எனக்கு அப்பவே தெரியும் அத்தான். இந்த மனுசனுக்குக் காத்து எந்தப் பக்கம் வீசுதெண்டே தெரியாது."

"பிறகேன் அவனை ஏசினனீங்கள்?"

"உங்களை எப்பிடி ஏசுறது? ஆரையாவது ஏசாட்டி எனக்கு அழுகை வந்திடும்." சொல்லிவிட்டுக் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டா. அதன் பிறகு வீடு வரும்வரை ஒருவரும் ஏசவில்லை.

விமானத்தில் மூடியைக் கைப்பையில் கொண்டு வந்தேன். இந்த முறை யாரும் மறிக்கவில்லை.

நான் வந்த கிழமை, நீங்கள் பள்ளிக்கூடத்தால் வந்து, பிட்டு ஏன் உடைந்து கிடக்கிறது என்று கேட்டீர்கள் அல்லவா. இதுதான் காரணம். நீங்கள் வகுப்பில் இருந்தீர்கள், அம்மா சந்தைக்குப் போயிருந்தார். நான் ஒரு குழல் பிட்டு அவித்து, உடையாமல் தள்ளி, தட்டில் நேராக நிமிர்த்தி வைத்தேன். அகப்பையின் பின்பக்கத்தை அதன் தலையில் வைத்து, மணிக்கட்டால் பத்துத் தரம் தட்டினேன். நின்றது. முழங்கையால் ஒன்று. இரண்டு. மேல் துண்டு தேங்காய்ப்பூவில் வழுக்கி மேசையில் விழுந்தது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு கதிரையில் இருந்தேன். பிறகு விழுந்த துண்டை நான் தின்றேன். நின்ற துண்டை உங்களுக்கென்று அந்த மூடியால் மூடி வைத்தேன்.